நோய் எதனால் வருகிறது: ஒரு கேள்வி நடந்து வந்த தூரம்

போன ஐப்பசியில் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அன்று சாயங்காலத்துக்குள் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நான்கு காரணங்கள் வந்து சேர்ந்துவிட்டன. “கண்ணு பட்டிருக்கு, உப்பு மொளகா எடுத்துச் சுத்திப் போடு” என்றார் ஆயா. எதிர் வீட்டு அக்கா, “போன வாரம் ஏற்காடு போய்ட்டு வந்தீங்கல்ல, மலைக்காத்து ஒத்துக்கல” என்றார். “ஒடம்புச் சூடும்மா, வெந்தயத்த ஊற வெச்சுக் குடு” என்றார் பெரியப்பா. பால் ஊற்ற வந்த அண்ணன் தெருமுனையைக் காட்டி, “சாக்கடை அடைச்சுக் கெடக்குது, இந்த நாத்தத்துல காய்ச்சல் வராம என்ன செய்யும்?” என்றார். மறுநாள் மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். டெங்கு என்று முடிவு வந்தது. ஆக, ஐந்தாவது காரணம்: கொசு சுமந்து வந்த ஒரு வைரஸ்.

மகள் தேறிவிட்டாள். அந்த ஐந்து பதில்கள் மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. முதல் நான்கையும் மூடநம்பிக்கை என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. உடம்பின் சூடு, கெட்ட காற்று, சாக்கடை நாற்றம் எல்லாமே ஒரு காலத்தில் நன்கு படித்த மருத்துவர்கள் யோசித்துச் சொன்ன பதில்கள்தான். அவை எப்படி வந்தன, எதனால் இடம்விட்டு நகர்ந்தன என்று தெரிந்துகொண்டால், இன்றைக்கு நமக்குச் சொல்லப்படும் காரணங்களை எடைபோடவும் ஒரு பழக்கம் வரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் நம் வாயில் புழங்கும் நோய்ப்பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குதிகாலில் வருவது பித்தவெடிப்பு. ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனால் பக்கவாதம். மூக்கு ஒழுகினால் ஜலதோஷம். உடம்பெல்லாம் முத்துப் போட்டால் அம்மை. காடு மலை போய்வந்து குளிர் நடுக்கத்தோடு படுத்தால் மலைக்காய்ச்சல். பித்தம், வாதம், ஜலம், அம்மன், மலை என்று பெயர் வைத்தபோதே காரணத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மலேரியா என்ற சொல்லும் இதே வகைதான். இத்தாலிய மொழியில் அதற்குக் ‘கெட்ட காற்று’ என்று பொருள். காரணம் அதுவல்ல என்று தெரிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பெயர் அப்படியே நிற்கிறது.

பெரியப்பா சொன்ன சூட்டிலிருந்து தொடங்கலாம். உடம்புக்குள் ஒரு சமநிலை இருக்கிறது, அது தவறினால் நோய் என்பது மிகப் பழைய எண்ணம். சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. வளி முதலான அந்த மூன்றும் ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். கிரேக்கத்தில் ஹிப்பாக்ரட்டீஸ் வழி வந்தவர்கள் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்காகப் பிரித்தார்கள். எது கூடியதோ அதைக் குறைப்பது வைத்தியம். காய்ச்சல்காரருக்கு ரத்தம் கூடிவிட்டது என்று நரம்பைக் கீறி ரத்தத்தை வடியவிடும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் இருந்தது.

இந்த எண்ணத்துக்கு ஒரு பெரிய பெருமை உண்டு. நோய் என்பது சாபமோ தண்டனையோ இல்லை, உடம்புக்குள் நடக்கும் ஒரு மாற்றம், அதை உணவாலும் பழக்கத்தாலும் சரிசெய்யலாம் என்று சொன்னது இதுதான். என்ன சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய், எந்தப் பருவம் என்று நோயாளியிடம் பொறுமையாகக் கேட்டது. பலவீனம் வேறிடத்தில் இருந்தது. கண்ணில் கட்டி வந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு, வாயில் புண் வந்தாலும் சூடு. எல்லாவற்றையும் விளக்கிவிடும் ஒரு காரணத்தை, இது தப்பு என்று எந்த நிகழ்ச்சியைக் காட்டியும் சொல்ல முடியாது. அப்புறம் இன்னொன்று. சூடு என்பது அவரவர் உடம்புக்குள் இருப்பது. ஒரே வாரத்தில் ஒரு தெருவே படுத்துவிட்டால் அதற்கு இந்தக் கணக்கில் நல்ல பதில் கிடையாது.

தெருவே படுக்கும் நோய்க்கு நம் ஊர் வைத்திருந்த பதில் மாரியம்மன். ஆடி பிறந்துவிட்டால் சேலமே வேறு ஊர். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டு, குகையில் வண்டி வேடிக்கை, தெருவுக்குத் தெரு கூழ். எனக்கு ஏழு வயதில் சின்னம்மை வந்தது. “அம்மா வந்திருக்கா” என்றுதான் சொன்னார்கள். நோய் என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். அதைப் பார்த்ததும் வருகிறவர்கள் வெளியிலிருந்தே திரும்பிவிடுவார்கள். வீட்டில் கடுகு தாளிக்கவில்லை. எனக்கு இளநீரும் மோரும். வேப்பிலையை விரித்து அதன்மேல் படுக்க வைத்து, அரிக்கும்போது சொறியாமல் இருக்க ஒரு கொத்தைக் கையில் கொடுத்துத் தடவிக்கொள்ளச் சொன்னார்கள். முத்து காய்ந்த பிறகு, வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார் ஆயா. இரண்டு வாரம் கழித்து என் தம்பிக்கும் போட்டது.

இன்று யோசித்தால் அதில் பாதிக்கு மேல் நல்ல பராமரிப்பு. வேப்பிலைக் கொத்து ஒரு தனிமைப்படுத்தல் பலகை. சொறியவிடாமல் பார்த்துக்கொண்டதால் புண் சீழ் பிடிக்கவில்லை. காரணம் வேறாக இருந்தும் நடைமுறை சரியாக அமைந்துவிட்டது. ஆனால் தம்பிக்கு ஏன் வந்தது? சின்னம்மை வைரஸ் முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குத் தொற்றும். வேப்பிலை வாசலுக்கு வருவதற்குள் அது தம்பிக்குள் போயாகிவிட்டது. பெரியம்மை அப்படியில்லை. பெரும்பாலும் காய்ச்சலும் கொப்புளமும் வந்த பிறகே அது பரவும். அதனால் ஒதுக்கி வைத்தது அதில் இன்னும் நன்றாகவே பலித்திருக்கும். 1796இல் எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர் மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவனுக்கு ஏற்றிப் பெரியம்மையைத் தடுக்க முடியும் என்று காட்டினார். வைரஸ் என்ற ஒன்று இருப்பது அப்போது அவருக்கும் தெரியாது. இந்தியாவில் 1975 மே மாதத்தோடு பெரியம்மை நின்றது. 1980 மே 8 அன்று உலகத்திலேயே அது இல்லை என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. நம் முன்னோர் எந்த நோய்க்குப் பயந்து ஊருக்கு ஊர் அம்மனைக் கும்பிட்டார்களோ, அந்த நோயை இன்று எந்தப் பிள்ளையும் பார்க்க வேண்டியதில்லை. இதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சின்னம்மை போன பிறகும் அதன் வைரஸ் போவதில்லை. நரம்பின் வேரில் தூங்கிக் கிடந்து, வயதானபோது சிலருக்கு இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாக வரிசைக் கொப்புளமாக எழும். அதைத்தான் அக்கி என்கிறோம். அக்கி வந்தால் மண்பாண்டம் செய்கிறவரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்வது வழக்கம். எழுதினால் ஆறுகிறது என்று பலர் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, கொப்புளம் உண்மையிலேயே ஆறுகிறது. எழுதிக்கொள்ளாதவருக்கும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். எழுதியவரை மட்டும் பார்த்தால் இது தெரியாது. எழுதாதவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். (அக்கிக்கு இப்போது வைரஸ் மருந்து இருக்கிறது. முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்ல பலன். காவி எழுதப் போகும் நேரத்தில் அதைத் தவறவிட்டு, பிறகு மாதக்கணக்கில் நரம்பு வலியோடு இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.)

நோயின் காரணத்தைப் பற்றிய கதை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் திரும்புகிறது. இதுதான் காரணம் என்று சொன்னால் போதாது. அதை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். நீக்கியவரையும் நீக்காதவரையும் ஒப்பிட வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். மனிதர்கள் இதைப் பழகிக்கொள்ள ரொம்பக் காலம் ஆனது.

கெட்ட காற்றுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பாதி தாண்டும் வரை ஐரோப்பிய மருத்துவர்களில் பெரும்பாலோர், அழுகும் பொருளிலிருந்தும் சதுப்பிலிருந்தும் எழும் ஆவியே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் காரணம் என்று நம்பினார்கள். எட்வின் சாட்விக் என்ற ஆங்கிலேய அதிகாரி நாற்றம் எல்லாமே நோய்தான் என்றார். நம் பால்கார அண்ணன் சொன்னதும் அதேதான். வெள்ளைக்காரர்கள் சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்து மலைமேல் ஊர் அமைத்துக்கொண்டதற்கு, வெயிலோடு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பியைக் கொண்டுவந்தார். கீழே கெட்ட காற்று, மேலே நல்ல காற்று என்பது அவர்கள் கணக்கு. எதிர் வீட்டு அக்காவின் கணக்கு நேர் எதிர். ஆனால் இருவருமே காற்றைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கெட்ட காற்று என்றவர்கள் பார்த்தது தப்பில்லை. தண்ணீர் தேங்கிய தாழ்வான இடத்தில் காய்ச்சல் அதிகம், உயரப் போகப் போகக் குறைவு, இரவில் வெளியே படுத்தால் வரும். எல்லாம் உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு. அந்தத் தப்பான காரணத்தை நம்பியே 1858க்குப் பிறகு லண்டனில் மாபெரும் கழிவுநீர்க் குழாய்களைக் கட்டினார்கள். நாற்றத்தைப் போக்கக் கட்டியது கழிவைக் குடிநீரிலிருந்து விலக்கி வைத்தது, காலரா குறைந்தது.

காலராவின் காரணம் தண்ணீர் என்று காட்டியவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. 1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்தே நாளில் 500க்கு மேல் சாவு. ஸ்நோ வீடு வீடாகப் போய், செத்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று கேட்டார். பெரும்பாலோர் பிராட் தெருவின் அடிபம்பைப் பயன்படுத்தியவர்கள். பக்கத்திலேயே ஏழைகள் விடுதி ஒன்று. உள்ளே 535 பேர், செத்தது 5 பேர்தான். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு பீர் ஆலை. அங்கே வேலை செய்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பம்புத் தண்ணீர் பக்கமே போவதில்லை. ஒரே காற்று, ஒரே நாற்றம், தண்ணீர் மட்டும் வேறு. செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

எல்லாரும் சொல்வது இந்தக் கைப்பிடிக் கதையைத்தான். எனக்கு ஸ்நோவின் இன்னொரு வேலைதான் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் இறங்கத் தொடங்கியிருந்தது. அதை ஸ்நோவே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விற்றன. ஒன்று நகரத்தின் சாக்கடை கலந்த இடத்திலேயே தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுத்தது. மற்றது 1852இல் ஆற்றின் மேல்பக்கம், சுத்தமான இடத்துக்கு மாறிவிட்டது. இரண்டின் குழாய்களும் ஒரே தெருவில் ஓடின. இந்த வீட்டுக்கு இவர்கள், அடுத்த வீட்டுக்கு அவர்கள். நிறையக் குடித்தனக்காரர்களுக்குத் தங்கள் வீட்டில் யார் தண்ணீர் வருகிறது என்றே தெரியவில்லை, வரி கட்டுவது வீட்டுக்காரர் அல்லவா.

ஸ்நோ ஒரு வழி கண்டுபிடித்தார். ஊருக்குள் எடுத்த தண்ணீரில், கடலலை ஏறிவந்து கலந்ததால் மற்றதைவிட ஏறத்தாழ 40 மடங்கு உப்பு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, அதில் வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டார். வெள்ளி உப்போடு சேர்ந்தால் தண்ணீர் தயிர் மாதிரி வெளுத்துத் திரியும். திரிந்தால் சாக்கடைத் தண்ணீர், தெளிவாக இருந்தால் மேல் ஆற்றுத் தண்ணீர். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குடம் தனித்தனியாக வைத்திருக்கும் நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். வெள்ளிப்பட்டறை ஊரில் வளர்ந்த எனக்கு, ஒரு பெரிய உண்மையை வெளியே கொண்டுவந்தது வெள்ளி கலந்த சில சொட்டு என்பதில் தனி சந்தோஷம்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சாக்கடைத் தண்ணீர் கம்பெனியின் வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவு, மேல் ஆற்றுத் தண்ணீர் போன வீடுகளில் 37. ஏழை பணக்காரர் இரண்டிலும் உண்டு. காற்று ஒன்று, தெரு ஒன்று, நாற்றம் ஒன்று. நீக்கிப் பார்த்தல் என்று நான் சொன்னது இதைத்தான். யாரும் திட்டமிடாமலேயே பாதி ஊருக்கு ஒரு காரணம் நீங்கியிருந்தது. அதைக் கவனிக்க ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

ஏழு வருடம் முன்பே வியன்னாவில் இதே மாதிரி ஒன்று நடந்திருந்தது. ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவு. மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் கூட்டமாகச் செத்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் அவ்வளவு இல்லை. மாணவர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்க்க வந்ததை இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கவனித்தார். சுண்ணாம்புக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். 1847 ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டாக இறங்கியது. இருந்தும் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. எங்கள் கையா தாய்மாரைக் கொன்றது என்ற கேள்வியைத் தாங்க அவர்களால் முடியவில்லை. தாங்கியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதை நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஸ்நோவும் செம்மல்வைஸும் கிருமியைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வைத்தவர்கள் லூயி பாஸ்டரும் ராபர்ட் கோக்கும். 1882இல் காசநோய்க் கிருமியைக் காட்டிய கோக், கல்கத்தாவுக்கு வந்து 1884இல் காலரா நோயாளிகளின் குடலிலும், அக்கம்பக்கத்தார் குளித்துத் துவைத்துக் குடித்த ஒரு குளத்திலும் ஒரே கிருமியைக் கண்டார். அவருடைய விதி எளிது. நோயாளி எல்லாரிடமும் அந்தக் கிருமி இருக்க வேண்டும். அதைத் தனியே பிரித்து வளர்க்க முடிய வேண்டும். நல்ல உடம்பில் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அங்கிருந்து மீண்டும் அதே கிருமி கிடைக்க வேண்டும்.

கல்கத்தாவிலேயே 1959இல் சம்பு நாத் தே என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி போனார். காலராக் கிருமி குடலைத் தின்பதில்லை, ஒரு நச்சைச் சுரக்கிறது, அந்த நச்சுதான் உடம்பின் தண்ணீரையும் உப்பையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறது என்று காட்டினார். சாவுக்குக் காரணம் தண்ணீர் இழப்பு என்றால் வைத்தியமும் தண்ணீர்தான். சர்க்கரை உப்பைக் கூட்டிக்கொண்டு குடலுக்குள்ளிருந்து உடம்புக்குள் போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் ரகசியம் அவ்வளவுதான். “தண்ணி குடுத்தா இன்னும் போகும், குடுக்காதே” என்று வயிற்றுப்போக்கு வந்த குழந்தையை வாய் காய விடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கழியும் ஒவ்வொரு முறையும் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்.

இனி கொசு. 1880இல் அல்ஜீரியாவில் லாவரன் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைப் பார்த்தார். அது ரத்தத்துக்குள் எப்படிப் போனது என்று தெரியவில்லை. ரொனால்ட் ராஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் அதைத் தேடி 1897இல் ஊட்டியிலிருந்து சிகூர் பள்ளத்தாக்குக்கு இறங்கினார், அங்கே அவருக்கே மலேரியா வந்தது. பிறகு செகந்திராபாத்தில் ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்களைவிட்டுக் கடிக்க வைத்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. ஆகஸ்ட் 20 அன்று அந்தக் கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார்.

அப்போதும் கெட்ட காற்றை விட மனமில்லாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக 1900இல் ஒரு சோதனை நடந்தது. எனக்கு இந்த முழுக் கதையிலும் இதுதான் ரொம்பப் பிடிக்கும். ரோமுக்குப் பக்கத்தில், மலேரியாவுக்குப் பேர்போன சதுப்பில், ஒரு சின்ன மரவீடு. சன்னலுக்கெல்லாம் கம்பிவலை. லோ, சாம்பன் என்ற இரு மருத்துவர்கள் கூட வந்தவர்களோடு காய்ச்சல் பருவம் முழுவதும் அங்கே தங்கினார்கள். மருந்து எதுவும் சாப்பிடவில்லை. பகலில் வெளியே திரிந்தார்கள். பொழுது சாயுமுன் உள்ளே வந்துவிடுவார்கள். சன்னலைத் திறந்தே வைத்திருந்தார்கள். அந்தக் ‘கெட்ட’ இரவுக் காற்றை ராத்திரி முழுக்கச் சுவாசித்தார்கள், கொசு மட்டும் உள்ளே வரவில்லை. அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் நடுங்கிப் படுத்தார்கள். இவர்களுக்கு ஒன்றுமில்லை. அதே வருடம் ரோமில் நோயாளியைக் கடித்த கொசுக்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவரின் மகன் மனமுவந்து அவற்றிடம் கடிபட்டார். சதுப்பும் இல்லை, மலைக்காற்றும் இல்லை, மலேரியா வந்தது.

மலையில் ஏன் குறைவு என்பதும் அப்புறம் புரிந்தது. கொசுவின் உடம்புக்குள் ஒட்டுண்ணி வளர வெப்பம் வேண்டும். சுமார் 16 முதல் 18 டிகிரிக்குக் கீழே போனால் அது வளர்வதில்லை. குளிர்தான் காப்பாற்றியது, காற்றின் சுத்தம் இல்லை. மலை என்றால் எப்போதும் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது, தெளிந்த ஓடைத் தண்ணீரில் வளரும் மலேரியாக் கொசுவும் உண்டு.

சரி, எங்கள் வீட்டுக் காய்ச்சலுக்கு வருகிறேன். பரிசோதனை முடிவு வந்த அன்று ராத்திரி, பின்கட்டில் இருந்த நீல டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் நல்ல தண்ணி தினமும் வராது. வரும் நாளில் பிடித்து வைப்போம். மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடி தெரிந்தது. மேல்மட்டத்தில் அரிசி நீளம்கூட இல்லாத புழுக்கள் வால்முனைக் குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின. மலேரியாக் கொசுவின் புழு இப்படித் தொங்காது, தண்ணீர்மட்டத்தில் படுத்திருக்கும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, பெரும்பாலும் சாக்கடையில் முட்டையிடாது. அதற்கு வேண்டியது நம் நல்ல தண்ணிதான். சாக்கடையைச் சொன்ன பால்கார அண்ணன் வேறொரு நோய்க்குச் சரியாகச் சொல்லியிருக்கிறார். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அங்கேதான் வளரும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முட்டை தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த டிரம்மில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் பிடிக்கும். அதனால் வாரம் ஒருமுறை உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதுவரை படித்தால் கிருமியே எல்லாவற்றுக்கும் காரணம் என்று தோன்றும். அப்படித்தான் 1880களில் பலர் நினைத்தார்கள். கால் வலுவிழந்து தள்ளாட வைக்கும் பெரிபெரி நோய்க்கு ஜாவாவில் கிருமி தேடப் போன எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், ஆய்வுக்கு வளர்த்த கோழிகள் அதே மாதிரி கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். திடீரென்று அவை தாமாகவே தேறின. விசாரித்தால், மருத்துவமனை மிச்சச் சோறு, அதாவது தீட்டிய வெள்ளரிசிச் சோறு, போட்ட நாளில் நோய். புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுத்து, தவிடு போகாத அரிசி போட்ட நாளில் குணம். ஏதோ ஒன்று இல்லாததே நோய்க்குக் காரணமாகலாம் என்பது அப்போது பெரும்பாலோருக்குத் தோன்றாத ஒன்று. அந்த ஏதோ ஒன்றுக்கு இன்று பி1 வைட்டமின் என்று பெயர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1இல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. புழுங்கலரிசிச் சோறும் இட்லியும் தின்று வளர்ந்த நம் வீடுகளுக்குக் காரணமே தெரியாமல் கிடைத்த காவல் அது.

வேலையும் காரணமாகும். 1700இல் ரமாசினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் “என்ன தொழில் செய்கிறாய்” என்று கட்டாயம் கேளுங்கள் என்று எழுதினார். குழித்தறியில் நாள் முழுக்கக் குனிந்து உட்காருகிறவரின் முதுகுவலி, கல்லுடைக்கும் இடத்துத் தூசியில் நிற்பவரின் இருமல், வெள்ளிப்பட்டறையில் கேட்மியம் என்ற உலோகம் கலந்த பற்றவைப்பின் புகையைச் சுவாசிப்பவரின் நுரையீரலும் சிறுநீரகமும். சேலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வைத்தியம் பார்ப்பது அரைகுறைதான்.

கிருமி இருந்தால் நோய் உறுதி என்றும் சொல்ல முடியாது. 1892இல் பெட்டன்கோஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், கோக்கின் மேல் நம்பிக்கையில்லாமல் காலராக் கிருமி கலந்த திரவத்தை விழுங்கினார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். குடிதண்ணீரால் காலரா பரவாது என்று அவர் நினைத்தது தப்பு, ஆனால் கிருமி மட்டும் போதாது என்றதில் உண்மை இருந்தது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி புகுந்திருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர். பசி, நெருக்கடியான வீடு, சர்க்கரை நோய், புகை எல்லாம் சேர்ந்துதான் யார் அந்தப் பத்தில் என்பதை முடிவு செய்கின்றன. 1950இல் டால், ஹில் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் புகைபிடிப்பதையும் நுரையீரல் புற்றையும் இணைத்துக் காட்டியபோது காரணம் என்ற சொல்லே கொஞ்சம் விரிந்தது. பிடித்தவர் எல்லாருக்கும் வராது, பிடிக்காதவருக்கும் வரலாம், இருந்தாலும் அது காரணம்தான். “எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு” என்பதற்கு இதுதான் பதில்.

மகள் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்ட அன்று, ஆயா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். நான் தடுக்கவில்லை. டிரம்மைக் கழுவிக் கவிழ்த்ததைப் பார்த்தவர் கேட்டார்: “கொசு கடிச்சுதுன்னு சொல்ற, சரி. அந்தக் கொசுவுக்கு யாரு கண்ணு குடுத்தது?”

நல்ல கேள்வி. டெங்குக் கொசு பெரும்பாலும் நோயோடு பிறப்பதில்லை. காய்ச்சல்காரர் ஒருவரைக் கடித்து, எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆன பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுக்கும். தூரமாகவும் பறக்காது. அப்படியென்றால் இரண்டு மூன்று வாரம் முன்னால் எங்கள் தெருவிலேயே யாருக்கோ காய்ச்சல் இருந்திருக்க வேண்டும். மூன்று வீடு தள்ளி ஒரு பையன் படுத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் பின்கட்டிலும் இரண்டு டிரம். ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தண்ணி தெனமும் வந்தா இந்த டிரம்மெல்லாம் எதுக்குடி?” என்றார். மறுநாள் நானும் அந்தப் பையனின் அம்மாவும் தெருவில் வீடு வீடாகப் போனோம், ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தண்ணீர் விடும் நாளைப் பற்றிய மனுவுக்குக் கையெழுத்து வாங்க ஒரு தாள்.